மோட்டாரை அமத்துவது யார்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஒற்றைப் பலகைக் கணினியில் வீட்டுத் தானியக்கம்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்த என் அம்மா, "அப்படின்னா என்னய்யா?" என்று கேட்டார்கள். "நம்ம வீட்டு மோட்டார் தானா நிக்குதுல்லா, அதான்மா" என்றேன். "அதுக்கா இம்புட்டுப் பெரிய பேரு!" என்று அழைப்பிதழை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அம்மா சொன்னதுதான் சரி. நான் பேசப்போவது ஒரு மோட்டாரைப் பற்றி.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெரு. காலை ஆறரைக்கு அம்மா மோட்டார் போடுவார்கள். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் அது மறந்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும். பக்கத்து வீட்டு ஆச்சி குரல் கொடுப்பார்கள்: "ஏளா, டேங்கு நெறஞ்சி வழியுது, மோட்டார அமத்து!" அம்மா ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்துவார்கள்.

இதற்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது. ஆச்சியின் காது உணர்வி. போட்ட சத்தம் செய்தி. அம்மாவின் புத்தி முடிவெடுக்கும் இடம். பட்டனை அழுத்திய விரல் இயக்கி. உலகத்தில் எந்தத் தானியங்கி வீட்டை எடுத்துக்கொண்டாலும் இந்த நான்கு வேலைதான்: பார்ப்பது, சொல்வது, முடிவெடுப்பது, செய்வது. மூன்றாவது வேலையை, அதாவது முடிவெடுப்பதை, வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு சின்னக் கணினியைத்தான் 'சர்வர்' என்கிறோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டுச் சர்வர் சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 1966-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜிம் சதர்லாண்ட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர், நிறுவனத்தில் உபரியாகக் கிடந்த பாகங்களைக் கொண்டு தம் வீட்டுக்கென்று ஒரு கணினியைக் கட்டினார். எக்கோ-4 என்று பெயர். கால் டன்னுக்கும் மேல் எடை. வீட்டுக் கடிகாரங்களை ஓட்டுவதும் மளிகைப் பட்டியல் வைத்திருப்பதும் அதன் வேலைகளில் சில. 1975-இல் ஸ்காட்லாந்தில் எக்ஸ்-10 என்ற முறை பிறந்தது. வீட்டின் மின்கம்பி வழியாகவே விளக்குக்குக் கட்டளை போகும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அடுத்த வீட்டுக்காரரும் அதே எண் வைத்திருந்தால், நீங்கள் பட்டனை அழுத்த அவர் வீட்டு விளக்கு எரியும்.

நம்மைப் போன்றவர்கள் கைவைக்கும் விலைக்கு வீட்டை நடத்தக்கூடிய சின்னக் கணினி வந்தது 2012 பிப்ரவரி 29 அன்று. கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் நண்பர்களும் ராஸ்பெரி பை என்ற பலகையை 35 டாலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்பதற்காகச் செய்தது அது. மறு ஆண்டு, 2013-இல், பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தம் வீட்டில் இருந்த ஹியூ என்ற வகை விளக்குகளைத் தாமே கட்டுப்படுத்துவதற்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அதுதான் ஹோம் அசிஸ்டன்ட். இன்று அது யாரும் இலவசமாக எடுத்து, திறந்து பார்த்து, திருத்திக்கொள்ளக்கூடிய நிரல். திரையைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குச் செய்த பலகையும் தன் வீட்டுக்கு எழுதிய நிரலும் சேர்ந்த இடத்தில்தான் எங்கள் வீட்டு மோட்டார் நிற்கிறது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: கடையில் ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்பு என்று வைத்திருக்கிறானே, வாங்கி மாட்டினால் ஆகாதா? ஆகும். எப்படி ஆகிறது என்று மட்டும் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் கணினியைக் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. எங்கள் தெருக் கணக்கில் சொன்னால், ஆச்சி போட்ட சத்தம் மாடிச்சுவரைத் தாண்டாமல் சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போய், அங்கே ஒருவர் அதைக் கேட்டு, திரும்ப எங்கள் அடுப்படிக்கு வந்து "மோட்டார அமத்து" என்று சொல்வது போல. அந்த ஒருவர் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டால்?

சாத்தியிருக்கிறார்கள். ரிவால்வ் என்ற கருவி ஏறக்குறைய 300 டாலருக்கு விற்றது. அதைச் செய்த நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய கருவி அன்றோடு வெறும் டப்பா ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் அணைந்தன. வாடிக்கையாளர்கள் பலருக்கு, ஆப் வேலை செய்யாமல் போனபோதுதான் சங்கதி தெரிந்தது. கருவி பழுதாகவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை. முடிவெடுக்கும் இடம் வீட்டுக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

ஆகையால் முடிவெடுக்கும் இடம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதோடு இன்னொன்றும் சொல்வேன். ஒரு தானியங்கி வீடு நல்லதா கெட்டதா என்று பார்க்க, அது ஓடும்போது பார்க்கக் கூடாது. மூன்று சமயங்களில் பார்க்க வேண்டும்: நெட் இல்லாதபோது, கரன்ட் இல்லாதபோது, அதைக் கட்டியவன் வீட்டில் இல்லாதபோது. இந்த மூன்றாவதில்தான் நான் தோற்றேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பலகையை எப்படி நிறுவுவது

முதலில் பலகை. ராஸ்பெரி பை 4 அல்லது 5, 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம். பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதுவும் போதும். பலகையின் நன்மை, அது குடிக்கும் கரன்ட் குறைவு. கூட மாட்டும் சாமான்களையும் சேர்த்து 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 7 யூனிட். இரவும் பகலும் ஓடுகிற இயந்திரத்துக்கு இது பெரிய செலவே இல்லை.

அடுத்தது அடாப்டர். இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜரையும் நீளமான மெல்லிய ஒயரையும் மாட்டினால் வோல்டேஜ் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை எச்சரிக்கும். திரை இணைத்திருந்தால் மூலையில் ஒரு மின்னல் குறி வரும். காரணமே தெரியாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை தொங்கிப்போகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் அடாப்டரைத்தான் மாற்றிக் கொடுத்தேன்.

பிறகு நிரலை ஏற்றுவது. ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் போட்டு, மெமரி கார்டைச் செருகி, பட்டியலில் ஹோம் அசிஸ்டன்டைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னால் எழுதிவிடும். கார்டைப் பலகையில் மாட்டுங்கள். வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுங்கள். கரன்ட் கொடுத்துவிட்டு ஒரு காப்பி குடித்து வாருங்கள். வந்து, வீட்டுக் கணினியின் பிரவுசரில் பலகையின் முகவரியையும் 8123 என்ற வாசல் எண்ணையும் கொடுத்தால், பெயர் என்ன, ஊர் எங்கே என்று கேட்கும். ஊரைச் சொன்னால் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் அதுவே கணக்குப் பண்ணிக்கொள்ளும். வாசல் விளக்கை அந்தி சாயும்போது போடச் சொல்லலாம். மார்கழிக்கு ஒரு நேரம், ஆனிக்கு ஒரு நேரம் என்று நாம் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு வேலையை மட்டும் அன்றே முடித்துவிடுங்கள். ரூட்டரின் அமைப்புக்குள் போய், இந்தப் பலகைக்கு எப்போதும் ஒரே முகவரியைத்தான் கொடுக்க வேண்டும் என்று நிரந்தரம் செய்யுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் போய் வந்த பிறகு பலகை வேறு முகவரிக்குக் குடிபோய்விடும். மற்ற கருவிகள் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் கருவிகள் பேசிக்கொள்ளப் பல பாஷை உண்டு. கதவு உணர்வி, நடமாட்ட உணர்வி போன்ற பேட்டரியில் ஓடும் சின்னச் சாமான்களுக்கு ஜிக்பீ நல்லது. தேனீயின் ஆட்டத்தை நினைத்து வைத்த பெயர். கரன்டில் ஓடும் ஜிக்பீ பிளக்கும் பல்பும் செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்திவிடும் என்பதால் கான்கிரீட் சுவர் உள்ள நம் வீடுகளுக்கு அது தோது. அதற்கான யு.எஸ்.பி. குச்சியைப் பலகையிலேயே நேராகச் செருகாதீர்கள். யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து கிளம்பும் இரைச்சல் ஜிக்பீ பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும். முழ நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள்.

மற்றவற்றுக்கு எம்.க்யூ.டி.டி. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், பாலைவனத்தில் கிடக்கும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கிய முறை. செயற்கைக்கோள் நேரத்துக்குக் காசு அதிகம். ஆகவே சொல்வதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு புரோக்கர். மாடித் தொட்டி "மட்டம் 40" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அந்தச் சங்கதி யாருக்கு வேண்டுமோ அவர்கள் முன்பே சொல்லிவைத்திருப்பார்கள். புரோக்கர் அவர்களுக்கு மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் வேலைக்குச் சேரும்போதே புரோக்கரிடம் ஓர் உயில் எழுதி வைக்கலாம். "என்னிடமிருந்து சத்தம் நின்றுபோனால் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடு" என்று. நான் இட்டுக்கட்டவில்லை, அந்த முறையில் அதற்குப் பெயரே உயில்தான். இந்த உயிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கு வருவோம்

மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று எப்படித் தெரியும்? மூடியின் உட்பக்கத்தில் ஒலியலை உணர்வி ஒன்று மாட்டினோம். அது காதுக்குக் கேட்காத ஓர் ஒலியைக் கீழே அனுப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். ஒலி ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 58 மைக்ரோ விநாடி. 5,800 மைக்ரோ விநாடி ஆனால் தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருக்கிறது என்று அர்த்தம். நீர் புகாத வகை உணர்விகளுக்கு ஒரு குறை உண்டு. முகத்துக்கு முன்னால் 20, 25 சென்டிமீட்டருக்குள் வருவது அவற்றுக்குத் தெரியாது. தொட்டி விளிம்பு வரை நிரம்பும்போது அவை கண்ணை மூடிக்கொள்ளும். எனவே உணர்வியை ஒரு குழாய்த் துண்டின் மேல் உயர்த்தி மாட்ட வேண்டும். இதை நான் மாடி நனைந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அந்த உணர்வியை வாசித்துக் கீழே செய்தி அனுப்புவது இ.எஸ்.பி.-32 என்ற வைஃபை சில்லு பதித்த குட்டிப் போர்டு. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சரக்கு. சில நூறு ரூபாய்தான். இ.எஸ்.பி.ஹோம் என்ற நிரல் இருப்பதால் அதற்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. எந்தக் காலில் எந்த உணர்வி என்று முப்பது நாற்பது வரியில் பட்டியல் போட்டால் போதும். இதே போல இன்னொரு போர்டு கீழே ஸ்டார்ட்டர் பக்கத்தில்.

கீழே இருக்கும் போர்டு மோட்டாரை எப்படிப் போடும்? இங்கேதான் ஆர்வக்கோளாறில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கடையில் ரிலே வாங்கினால் அதன் முதுகில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 746 வாட்தானே, தாங்கும் என்று நினைப்போம். கிளம்பும் கணத்தில் மோட்டார் தன் வழக்கமான கரன்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் போனில் ஆஃப் என்று எத்தனை முறை தட்டினாலும் மோட்டார் நிற்காது. முறையான வழி இதுதான்: சின்ன ரிலே பெரிய கான்டாக்டரின் காயிலை மட்டும் இழுக்கட்டும், மோட்டாரின் கரன்டைக் கான்டாக்டர் தாங்கட்டும். 230 வோல்ட் சம்பந்தப்பட்ட இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். நிரல் தப்பானால் திருத்தலாம்.

எங்கள் எலக்ட்ரீஷியன் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழகான திரை ஒன்று வைக்கலாம் என்றேன். அவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றபடி சொன்னார்: "தம்பி, இந்தப் பச்சைப் பட்டன மட்டும் கழத்திராதிய. என்னைக்காவது ஒங்க கம்ப்யூட்டரு படுத்துட்டா அம்மா எங்க போவாவ?" எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் பழைய ஸ்டார்ட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்டோ, கை என்று ஒரு திருகு ஸ்விட்ச் மட்டும் பக்கத்தில் சேர்ந்தது.

இத்தனையும் மாட்டிய பிறகு பலகைக்குச் சொன்ன விதி எளியது. தொட்டி 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, கீழே சம்பில் தண்ணீர் இருந்து, வோல்டேஜ் 190-க்கு மேல் இருந்தால் மோட்டாரைப் போடு. 95 வந்தால் நிறுத்து. எது எப்படியானாலும் 50 நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதே. மோட்டார் ஓடியும் அது இழுக்கும் கரன்ட் வழக்கத்தைவிடக் குறைந்தால் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்று பொருள், உடனே நிறுத்து. இந்தக் கரன்ட் அளவிக்கு இன்னொரு பயனும் உண்டு. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடுகிறது. வீட்டு மெயின் லைனிலும் ஓர் அளவியைப் போட்டு, 450 ஆனதும் சொல்லு என்று வைத்திருக்கிறோம். அந்தச் செய்தி வந்தால் ஏ.சி.யைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்.

நெட் இல்லாதபோது

கம்பி அறுந்தாலும் ரீசார்ஜ் மறந்தாலும் எங்கள் மோட்டாருக்குக் கவலை இல்லை. முடிவெடுப்பவர் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறார். வெளியூரிலிருந்து நான் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அந்த 'வெளியூரிலிருந்து பார்ப்பதில்' ஓர் ஆபத்து இருக்கிறது. ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வீட்டைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். நாம் பார்க்கும் வாசல் வழியாக மற்றவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டைக்கூட மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டே, இணையதளங்களுக்கு வழிகாட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. வாசலைத் திறக்காதீர்கள். வயர்கார்டு போன்ற வி.பி.என். போட்டு, உங்கள் போனுக்கு மட்டும் ஒரு சுரங்கப்பாதை வையுங்கள். பாஸ்வேர்டுகளை முதல் நாளே மாற்றுங்கள்.

கரன்ட் இல்லாதபோது

நம் ஊரில் இது 'இருந்தால்' அல்ல, 'எப்போது' என்ற கேள்வி. பலகையையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள்; மாறும் நேரம் குறைந்து பலகை அணையாமல் தாங்கும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் எழுத்து பாதியில் நிற்கும். அடுத்த முறை பலகை எழுந்திருக்காமல் போகலாம்.

இன்னொரு நுட்பம். பை 4 வரை வந்த பலகைகளில் கடிகார பேட்டரி கிடையாது. கரன்ட் போய் வந்தால் அதற்கு மணி தெரியாது. இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். ரூட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் பலகை பழைய நேரத்தில் வாழும். காலை ஆறு மணிக்குச் செய்ய வேண்டியதை மத்தியானம் செய்ய நினைக்கும். எனவே மோட்டாருக்கான விதியில் மணியை நம்பாமல் தண்ணீர் மட்டத்தை நம்பியிருக்கிறோம்.

இ.பி. கரன்ட் வந்துவிட்டதா என்று தெரியவும் எளிய வழி உண்டு. இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் ஒரு சின்ன அடாப்டர், அதில் ஓர் இ.எஸ்.பி. போர்டு. அதனிடமிருந்து சத்தம் நின்றால் கரன்ட் போய்விட்டது. நான் சொன்னேனே உயில், அது இங்கே வேலைக்கு வருகிறது. அந்தப் போர்டு எழுதி வைத்த கடைசி வாசகம்: "கரன்ட் இல்லை."

நான் இல்லாதபோது

என் தோல்விக்கு வருகிறேன். எல்லாம் மாட்டி ஏழெட்டு மாதம் அருமையாக ஓடியது. தெருவில் பெருமையாகக் காட்டினேன். ஆச்சி குரல் கொடுப்பது நின்றுபோனது. ஒருநாள் நான் பெங்களூரில் இருந்தேன். காலையில் அம்மாவிடமிருந்து போன்: "ஏய்யா, குழாயில சொட்டுத் தண்ணி வரல. ஒன் கம்ப்யூட்டர்ல என்னன்னு பாரு." போனில் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை. பலகையை எட்ட முடியவில்லை. பிற்பாடு தெரிந்தது, மெமரி கார்டு செத்துவிட்டது என்று.

கார்டைக் கொன்றவன் நான்தான். தண்ணீர் மட்டத்தை விநாடிக்கு ஒருமுறை சொல்லும்படி வைத்திருந்தேன். மோட்டார் ஓடாதபோதும் தொட்டியில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஹோம் அசிஸ்டன்ட் பொறுப்பாக எழுதி வைத்தது. ஒரு நாளைக்கு 86,400 முறை. மெமரி கார்டில் ஒவ்வோர் இடத்திலும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்ற கணக்கு உண்டு. யாரும் பார்க்காத வரைபடத்துக்காக அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டேன். புரோக்கரும் அதே பலகையில்தான் இருந்தார். ஆகவே யாருடைய உயிலும் வாசிக்கப்படவில்லை. உயிலை வாசிக்க வேண்டிய வக்கீலே போய்விட்டார்.

நான் போனில், "அம்மா, ரூட்டருக்குப் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும், அதுல ஒயர..." என்று ஆரம்பித்தேன். "நீ வைய்யா" என்று அம்மா வைத்துவிட்டார்கள். நேரே ஸ்டார்ட்டரிடம் போய், திருகு ஸ்விட்சைக் 'கை' பக்கம் திருப்பி, பச்சைப் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்ததாம்: "ஏளா, டேங்கு வழியுது!"

அந்தப் பச்சைப் பட்டனுக்கு நான் அந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றினேன். கார்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மட்டம் ஒரு விழுக்காடு மாறினால் மட்டும் சொன்னால் போதும். தினமும் ராத்திரி ஒரு நகல் வேறொரு கணினிக்குப் போகும். அந்த நகலைத் திறக்கும் பாஸ்வேர்டு அலமாரியில் ஒரு தாளில். மிக முக்கியமாக, நிறுத்தும் முடிவைப் பலகையிடமிருந்து பிடுங்கி, ஸ்டார்ட்டர் பக்கத்து இ.எஸ்.பி. போர்டுக்கே கொடுத்தேன். தொட்டியின் உச்சியில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்து, அதிலிருந்து அந்தப் போர்டுக்கு நேரே ஒயர் இழுத்தாயிற்று. சர்வர் செத்தாலும் மோட்டார் நிற்கும்.

சோதித்துப் பார்க்கச் சர்வரின் ஒயரை உருவிவிட்டு மோட்டாரை ஓடவிட்டேன். சரியாகக் கால் மணி நேரத்தில் மோட்டார் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் கால் மணி நேரம். பேய் பிடித்தது போல இருந்தது. இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன்: சர்வரோடு தொடர்பு இல்லாமல் 15 நிமிடம் ஆனால், இ.எஸ்.பி. போர்டு தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று எண்ணித் தன்னை அணைத்து எழுப்பிக்கொள்ளும், இ.எஸ்.பி.ஹோம் நிரலின் இயல்பான ஏற்பாடு அது. அந்த ஒரு வரியை மாற்றியதும் சரியானது. ஒயரை உருவிப் பார்த்திராவிட்டால், அதை இன்னொரு பெங்களூர்ப் பயணத்தில்தான் தெரிந்துகொண்டிருப்பேன். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, சர்வரை வேண்டுமென்றே அணைத்து வைக்கிறோம். அன்று வீடு சாதாரண வீடாக நடக்கிறதா என்று பார்க்கிறோம்.

இதே காரணத்துக்காகத்தான் சுவர் ஸ்விட்சுகளையும் எடுக்கவில்லை. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் மறைவாக மாட்டும் ரிலே வகை இருக்கிறது. கணினியும் விளக்கைப் போடலாம், சுவரிலும் தட்டலாம். விருந்தாளி வந்து இருட்டில் சுவரைத் தடவினால் விளக்கு எரிய வேண்டும். அவரைப் போனில் ஆப் இறக்கச் சொல்லும் வீடு மரியாதை தெரியாத வீடு.

அம்மா நடு இரவில் எத்தனை முறை எழுந்தார்கள் என்றுகூட நடமாட்ட உணர்வி என்னிடம் சொல்லிவிடும். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "விளக்கு எரியட்டும், கணக்கு எதுக்குய்யா?" என்றார்கள். இப்போது அந்த உணர்வி விளக்கைப் போடும். எதையும் எழுதி வைக்காது. வீட்டுத் தகவல் வெளியே போகாமல் காப்பது பாதி வேலை. வீட்டுக்குள்ளேயே யாருக்கு எது தெரிய வேண்டும் என்று உட்கார்ந்து பேசுவது மீதிப் பாதி.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பலகை வாங்க ஆர்டர் போடாதீர்கள். ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டில் எந்த ஒரு வேலை தினமும் மறந்துபோகிறது என்று எழுதுங்கள். ஒன்று போதும். அதற்குக் கீழே, நெட் போனால் என்ன, கரன்ட் போனால் என்ன, நான் ஊரில் இல்லாவிட்டால் என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பலகை வாங்குங்கள்.

எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அம்மாவே தம் கையெழுத்தில் எழுதியது. ஒரு சின்னப் போர்டே வேலைக்குச் சேரும் நாளில் உயில் எழுதி வைக்கும்போது, அதைக் கட்டிய நான் எழுதாமல் விட்டதை அம்மா எழுதிவிட்டார்கள். நான்கு வரி: "தண்ணி வரலன்னா கைப் பக்கம் திருப்பு. பச்சைய அமுக்கு. ஆச்சி சொன்னா சிவப்ப அமுக்கு. அப்புறம் அவனுக்குப் போன் போடு."